போட்காரன் வூட்ல யாரு சொன்னா?

பிளாஸ்டிக் கறுப்புக் கண்ணாடி போட்டவனுக்கு வெயில் குறைவாகத் தெரியும், தன் அழகு அதிகமாகத் தெரியும், மற்றபடி எதுவும் ஒழுங்காகத் தெரியாது. இருபது வயதில் நான் அப்படி ஒரு கண்ணாடியைக் கழற்றாமலே வாழ்ந்தேன். (இருட்டினாலும்தான். ஒரு முறை கரையில் கட்டியிருந்த எருமை மேல் மோதி, அதனிடம் 'சாரி சார்' சொல்லியிருக்கிறேன்.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வெள்ளைக்கார உளவாளி. எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் ஜமால் பாய் என்பவர் ஒரு டென்ட் கொட்டாய் நடத்தினார். தமிழ்ப் படப் பெட்டி வந்து சேராத நாட்களில் இங்கிலீஷ் படம் ஓடும். அதில் ஒரு உளவாளிப் படம் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நடிகரை மாற்றுவார்கள், உளவாளியின் பேரையும் கோட்டையும் மாற்ற மாட்டார்கள். எங்கள் காலத்து ஆள் சிரிப்பு ஏஜென்ட்டு. தலைக்கு மேல் குண்டு பறக்கும்போது சீப்பு எடுத்துத் தலை வாருவார். பக்கத்தில் யார் செத்து விழுந்தாலும் அந்தச் சாவுக்குத் தோதாக ஒரு ஜோக் கையில் வைத்திருப்பார்.

சிக்கல் என்னவென்றால் கொட்டாயில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற பசியாவரம் தீவிலிருந்து படகேறிப் பொன்னேரிக்குக் காலேஜ் போகிற பையன் என்று என்னைப் பாய் பிடித்தார்.

"இன்னாபா, இங்கிலீஸ் வருமில்ல?"

நண்டுக்கு நேராக நடக்கத் தெரிந்த அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும். "வரும் பாய்" என்றேன். மெஷின் ரூம் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். படம் ஓட ஓட நான் தமிழில் கதை சொல்ல வேண்டும். கால்வாசி புரிந்தது, முக்கால்வாசி என் சொந்தச் சரக்கு. நானே ஜோக் கட்டி ஹீரோ கணக்கில் எழுதிவிடுவேன். கொட்டாய் சிரிக்கும். ஊரில் எனக்கு 'ஏஜென்ட்டு' என்றே பேராகிவிட்டது.

இந்தப் படங்களில் எல்லாம் தவறாமல் ஒரு போட்காரன் வருவான். ஹீரோ எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர்க்காரன் ஒருத்தன், நம் நிறத்தில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவரைப் படகில் ஏற்றிப் போவான். இடைவேளைக்கு முன்னாலோ பின்னாலோ சுடப்பட்டுத் தண்ணீரில் விழுவான். ஹீரோ டையைச் சரிசெய்துகொண்டு ஒரு ஜோக் சொல்லிவிட்டு, அதே படகில் ஹீரோயினோடு கிளம்பிவிடுவார். அப்படி ஒரு கட்டத்தில் நான் மைக்கில் முழங்கினேன்:

"ஹீரோ இன்னா சொல்றாருன்னா, 'பாவம், கூலி கூட வாங்காம எறங்கிட்டான்!'"

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசை மணலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது சரி தம்பி, போட்காரன் வூட்ல யாரு சொன்னா?"

எத்திராஜ் அண்ணன். என் அக்கா கௌரியின் வீட்டுக்காரர் தேசப்பன் மாமாவும் இவரும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள். இந்தக் கேள்வியை அவர் ஒவ்வொரு படத்திலும் கேட்பார். அவர் மட்டுமல்ல, மொத்தக் கொட்டாயின் கண்ணும் மிதக்கிற போட்காரன் மேலேயே இருக்கும். ஹீரோயின் நீச்சல் உடையில் வந்தால்கூடக் கவனம் திரும்பாது. வீட்டு ஆள் தண்ணீரில் இருக்கிறவர்கள் அப்படித்தான் படம் பார்ப்பார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்தேன்.

"அண்ணே, சினிமா போட்காரனுக்கு வூடே கெடயாது!" என்றேன். கொட்டாய் கொல்லென்று சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் வாடைக்காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டது. மற்ற கட்டுமரங்களெல்லாம் எப்படியோ முகத்துவாரத்தைத் தாண்டி ஏரிக்குள் வந்துவிட்டன. மாமாவும் எத்திராஜ் அண்ணனும் போன மரம் வரவில்லை.

என் நைனாவும் மற்றவர்களும் தேடப் போனார்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை. (படகு ஆடினால் வாந்தி எடுக்கிற ஒரே மீனவர் மகன் என்று எனக்கு இன்னொரு பேரும் உண்டு.) என் அக்காவும் எத்திராஜ் அண்ணனின் மனைவி அஞ்சலை அண்ணியும் எங்கள் வாசலில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரையில் நடந்தேன். உள்ளே கண் வீங்கியிருந்தது வெளியே தெரியக் கூடாதே!

மறுநாளும் போயிற்று. அதற்கடுத்த நாள் காலை, தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு படகு கால்வாய் வழியாக வந்தது. நடுவில் போர்வை போர்த்திக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். அக்கா புடவையோடு தண்ணீரில் இறங்கி ஓடினாள். நானும் ஓடினேன். அந்த நொடியில் எனக்கு வந்த மாதிரி சந்தோஷம் இன்றுவரை வேறு எதற்கும் வந்ததில்லை. ஓவென்று அழுதிருக்க வேண்டும். ஆனால் ஏஜென்ட்டு ஊர் பார்க்க அழலாமா? வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னா மாமா, குளிச்சிட்டு வர இம்மாந் நேரமா? தலமுடி கூட கலையலியே!"

யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் உதடு வெடித்திருந்தது, உப்பில் ஊறி முகத்தில் தோல் உரிந்திருந்தது. அவரைத் தவிர, துடுப்புப் போட்ட காட்டுப்பள்ளிக்காரர்கள் இரண்டு பேர்தான் படகில் இருந்தார்கள். அதை நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கரையில் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்திருந்தார்கள்.

முழங்கால் தண்ணீரில் அஞ்சலை அண்ணி நின்றாள்.

"அண்ணே, அவுரு எங்க?"

மாமா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. கைத்தாங்கலாகப் பிடித்திருந்த என் கழுத்தை இழுத்து, காதில் சொன்னார்:

"மரம் கவுந்துச்சிடா. ரெண்டு பேரும் புடிச்சினுதான் இருந்தோம். அவன் கை வுட்டுட்டான். கூப்டுகினே இருந்தேன், பதில் இல்ல. நீ சொல்லு."

கரை மொத்தமும் என் வாயைப் பார்த்தது. எனக்குப் பழக்கமான காட்சிதான். விஷயம் தெரிந்தவன் நான் ஒருத்தன், எதிரே எதுவும் தெரியாத கூட்டம். ஆனால் எனக்கு ஒரே ஒரு வகைக் கதைதான் சொல்ல வரும். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பயம்தான், இரக்கம் என்று இப்போது பேர் வைக்க மாட்டேன்.

"அண்ணி, அண்ணன் தனியா ஒரு கட்டைய புடிச்சினு நீந்தி வந்துனு கீறாராம். வந்துடுவாராம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைத்தட்டல் வாங்கிய நாக்கு நிற்குமா? "பசியோட வருவாரு. சோறு வடிச்சி வைங்க."

காட்டுப்பள்ளிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்டியா தம்பி" என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக் கூரையில் புகை எழும்பியது.

இரண்டு நாள் கடலில் கிடந்த மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, மாமா விட்ட அறையில் என் கண்ணாடி பறந்து ஏரியில் விழுந்தது. (இன்னும் அங்கேதான் கிடக்கும். ஏதாவது நண்டு போட்டுக்கொண்டு திரியட்டும்.)

"இட்னு போடா என்ன, அவ வூட்டுக்கு" என்றார். அதற்கு மட்டும் கொஞ்சம் குரல் வந்தது.

நானும் நைனாவும் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். அக்கா பின்னால் வந்தாள். அண்ணி அப்போதுதான் கஞ்சி வடிப்பதற்குப் பானையைச் சாய்த்திருந்தாள். எங்களைப் பார்த்தாள். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, மாமாவின் வாய்க்குப் பக்கத்தில் தன் காதை வைத்துக்கொண்டாள். மாமா சொல்லி முடிக்கும் வரை அசையவில்லை. நடுவில் விளக்கம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ சோறு?" என்றாள்.

அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. எத்திராஜ் அண்ணனைக் கடல் திருப்பித் தரவே இல்லை.

அதோடு நான் மைக்கைத் தொடவில்லை. பாயும் கூப்பிடவில்லை. சில வருஷம் கழித்து உளவாளிப் படத்தில் மறுபடி ஆளை மாற்றினார்கள். புதியவர் முறைப்பு ஏஜென்ட்டு, பல்லே தெரியாது. 'சப்புனு கீதுப்பா, ஜாலியே இல்ல' என்று என் காலேஜ் சிநேகிதர்கள் குறைப்பட்டார்கள். அந்தப் படம் எங்கள் கொட்டாய்க்கும் வந்தது. மணலில் உட்கார்ந்து பார்த்தேன். அதிலும் ஒரு போட்காரன் வந்தான், அதிலும் செத்தான். ஆனால் இந்த ஹீரோ டையைத் தொடவில்லை. அடுத்த காட்சியில் ஒரு சந்துக்குள் நடந்து போய், ஒரு குடிசை வாசலில் நின்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். அவர் வாயே திறக்கவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து அஞ்சலை அண்ணியின் குரல் கேட்டது.

"இத்தினி படத்துக்கு அப்பறம் இப்பதான் இவனுக்குப் புத்தி வந்துக்கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். பாதிப் பேர் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள், மீதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அண்ணி நண்டும் இறாலும் விற்றே பிள்ளைகளை ஆளாக்கினாள். எங்கள் வீட்டு விசேஷமானாலும் அவள் வீட்டு விசேஷமானாலும், என் இலைக்கு மட்டும் அவள்தான் சோறு போடுவாள், வேறு யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. மலை போலக் குவித்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்வாள்:

"சாப்புடு தம்பி. நீந்தி வர்றவருக்குன்னு வடிச்சது, வீணாப் போவக் கூடாது."

பந்தி சிரிக்கும், அவளும் சிரிப்பாள். இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் அது ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. பானையில் சோறு மீந்தால் 'நீந்தி வர்றவருக்கு கீது' என்கிறார்கள், யார் அவர் என்று தெரியாமலே. நான் மட்டும் தலையைத் தூக்காமல் சாப்பிடுவேன். அண்ணி போட்ட சோற்றில் இன்றுவரை ஒரு பருக்கையைக்கூட இலையில் மிச்சம் வைத்ததில்லை.