உள்ளே ஓடுறவன் யாரு?

சந்தேகப்படுவதை ஒரு தவமாகவே செய்த மனிதர் எங்கள் செக்கிங் சார். பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஏறினால் டிக்கெட் எடுத்தவனுக்கும் வியர்க்கும் என்பது திண்டிவனத்தில் பிரசித்தம். அவருடைய நிஜப் பெயர் எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்கற?" என்பார்.

ஓய்வுக்குப் பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் திறந்தார். வேலை தேடிக்கொண்டிருந்த நானும் நண்பன் முருகனும் அங்கேயே பழியாய்க் கிடந்தோம்.

மற்ற கடைகளில் உட்கார்ந்ததும் நெட் வரும். இவர் கடையில் முதலில் சார் வருவார். மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்குவார். நமக்குத் தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் ஓடும் புரோகிராம்களின் பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைப்பார்.

"இவன் பிரிண்டர் ஆளு, சரி. இவன் வைரஸ் புடிக்கிறவன், சரி. இவன் யாருடா? நான் ஏத்தவே இல்லியே?"

ஆரம்பத்தில் தெரியாதவனை விசாரணையே இல்லாமல் நிறுத்திவிடுவார். ஒருநாள் கல்லூரி வாத்தியார் ஒருவர் மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருக்க, சார் யாரையோ நிறுத்தினார். ஒரே நிமிடத்தில் மெஷின் அணைந்துவிடும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. வாத்தியார் அலறினார். சார் அசரவில்லை.

"அவன் டிரைவர் போலக்குது. தெரியாம டிரைவரையே இறக்கி உட்டுட்டேன்."

அன்றிலிருந்து விசாரித்த பிறகே நடவடிக்கை. பெயரில் எழுத்து சரியா, எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறான், எந்தக் கம்பெனி ஆள் என்று பார்ப்பார். பிறகு நெட்டில் நாலு இடத்தில் தேடுவார். 'ஆபத்து! உடனே எங்கள் மென்பொருளை இறக்குங்கள்' என்று எந்தத் தளமாவது பயமுறுத்தினால் சிரிப்பார். "மருந்து விக்கிறவன் நோய் இருக்குதுன்னுதான் சொல்லுவான்."

இதையெல்லாம் நாங்கள் கிறுக்கு என்றுதான் நினைத்தோம், செல்வி வந்த நாள்வரை.

செல்வி மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண். நர்ஸ் படித்தவள். மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. சம்மதம் என்று அன்று சாயங்காலத்துக்குள் மெயில் அனுப்ப வேண்டும். கடலுக்குப் போகாமல் அப்பாவும் கூடவே வந்திருந்தார். அவள் பாஸ்வேர்டு அடிக்க விரலைத் தூக்கினாள்.

"கைய எடும்மா!"

சாரின் விரல் திரையில் ஒரு பெயரில் நின்றது. விண்டோஸில் ஒரே பெயரில் ஐந்தாறு பேர் ஓடுவது சகஜம். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவனுடைய பெயரில் மட்டும் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. எனக்கு மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் தெரிந்தது.

"பேர மாத்திக்கினு கும்பல்ல நிக்கிறான் பாரு" என்றார் சார். ஃபோல்டரைப் பார்த்தார், வேறு இடம். கம்பெனி பெயர் இல்லை. நெட்டில் தேடினார், நாம் அடிப்பதையெல்லாம் திருடி யாருக்கோ அனுப்புகிறவன். காலையில் சார் பார்த்தபோது இல்லாதவன், இப்போது மற்ற கம்ப்யூட்டர்களிலும் இருந்தான்.

முருகன் சிரித்தான். "ஒரு பாஸ்வேர்டுதானே சார்? நான் காலைலேர்ந்து அடிச்சிக்கினு இருக்கேன், ஒண்ணும் ஆவல."

செல்வியின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "பொண்ணு வாழ்க்கை சார். ஜல்தியா ஒரு வழி சொல்லுங்க."

சார் நெட் ஒயரைப் பிடுங்கினார். எங்களை வெளியே தள்ளி ஷட்டரை இழுத்தார். "இந்த ஊர்க் கடைங்கள்ல ஒரே பென் டிரைவுதான் சுத்திக்கினு இருக்கும். அதுல தொத்திக்கினு இவனும் போயிருப்பான், நம்ப முடியாது. விழுப்புரம் போலாம், வாங்க."

வேடிக்கை பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் செல்வி மணி கேட்டுக்கொண்டே வந்தாள். விழுப்புரத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடைக்குள் சார் நேராக நுழைந்து மூன்று பட்டன்களை அமுக்கினார்.

கடைக்காரர் பாய்ந்து வந்தார். "யோவ், யாருய்யா நீ? எங்கடையில வந்து இன்னா பேஜாரு பண்ணிக்கினு இருக்க?"

"அஞ்சு நிமிசம் பொறுங்க. இந்தப் பொண்ணு மஸ்கட் போவணும்."

விரல் ஒவ்வொரு பெயராக இறங்கி, ஒன்றில் நின்றது. அவருக்கும் தெரியாத பெயர். செல்வியின் அப்பா தோள்துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைக்காரரும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சார் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஃபோல்டரைத் திறந்தார். கம்பெனி பெயரைப் பார்த்தார். நெட்டில் ஒன்றுக்கு நாலாகத் தேடினார். கோயில் கருவறை முன்னால் நிற்பதுபோல நாங்கள் நின்றோம்.

"ஸ்பீக்கர்ல சத்தம் வர்றதுக்கு வேலை செய்யறவன். நல்லவன்தான். நீ அடிம்மா."

மெயில் போனது. செல்வி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடைக்காரர் தயங்கித் தயங்கி, "சார், மத்த மெஷினயும் கொஞ்சம் பாத்துட்டுப் போறீங்களா?" என்றார். சார் பார்த்துவிட்டுத்தான் வந்தார். நாங்கள் கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்பினோம்.

மறுநாள் முருகனின் மெயிலிலிருந்து அவனுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் முடி வளரும் தைல விளம்பரம் போயிருந்தது. அவனுக்குப் பெண் கொடுக்க இருந்தவருக்கும் போயிருந்தது. அவர் முழு வழுக்கை. தன்னைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டார். அந்தச் சம்பந்தத்தை மீட்பதற்குள் முருகனுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

எல்லோர் கையிலும் செல்போன் வந்தபின் சார் கடையை மூடினார். சில வருடம் கழித்துத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தேன். நலம் விசாரிக்கவில்லை; கையை நீட்டி என் போனை வாங்கினார். "இது யாரு? இவனுக்கு எதுக்கு உன் போட்டோல்லாம்?" என்று ஒவ்வொரு ஆப்பாகத் தொட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

என் பஸ் வந்தது, போனது. அதை அவரிடம் சொல்லாமல், அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றேன்.