ஆறு பொட்டலம், ஆறும் வெள்ளை

முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்திய நான், அதே கணக்கில் அம்மன் சன்னதியில் மோசடி செய்து மாட்டிக்கொண்டேன்.

என் மகள் கயலும் ஜெயங்கொண்டத்து முந்திரி வியாபாரி வீட்டுப் பையனும் விரும்பினார்கள். பையனின் அம்மா ராசாத்தி ஒரே நிபந்தனை வைத்தார்: அவர்கள் குலதெய்வக் கோயிலில் பூப்போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நந்தியாவட்டை, மூன்று செவ்வரளி. தனித்தனியாக வாழையிலையில் மடித்துக் கலந்து வைத்தால் பூசாரி இரண்டை எடுப்பார். இரண்டும் வெள்ளை என்றால் கல்யாணம்.

"நீங்களே கட்டியாந்துடுங்க. கணக்கு வாத்தியாரு, தப்பு வராது," என்றார்.

எங்கள் குரும்பலூர் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் பூ வெள்ளையாக ஆறில் மூன்று, அடுத்ததும் வெள்ளையாக ஐந்தில் இரண்டு. பெருக்கினால் ஐந்தில் ஒன்று. (என்னிடம் பெயிலான பையன்களுக்கே இதைவிட நல்ல வாய்ப்பு இருந்தது.) மகளின் வாழ்க்கையை அதை நம்பி விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆறிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். செவ்வரளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், வழியில் எறிந்துவிடலாம் என்று. மறந்துபோனேன்.

பூசாரி எடுத்தார். வெள்ளை. மறுபடியும் வெள்ளை. கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிச்சத்தயும் ஆத்தா காலடில போட்டுடறேன்," என்று பூசாரி மீதி நான்கையும் பிரித்தார்.

"சார், செவப்பு எங்கங்க?" என்றார் ராசாத்தி.

"எல்லாம் ஆத்தா அருளுங்க." (படித்தவன் பேசுகிற பேச்சா இது?)

"அப்ப உங்க சட்டப் பையில செவக்குறது என்னங்க?"

மெல்லிய வெள்ளைச் சட்டை. ராசாத்தி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கயல் வீட்டுக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தாள். "செவப்பே வந்திருந்தாக்கூட அவங்க மொகத்தப் பாத்திருப்பேன்ப்பா. இனிமே எப்படிப் பாக்குறது?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன். ராசாத்தி பேசவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போனேன். மூன்றாவது வெள்ளியில், "என்னதாங்க வேணும் உங்களுக்கு?" என்றார்.

"நீங்களே கட்டுங்க. நான் கோயிலுக்கு வெளிய நிக்கிறேன்."

அப்படியே நின்றேன். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வந்தது. ஐந்தில் மூன்று வாய்ப்பு அதற்குத்தான். தெரிந்தும் வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். ராசாத்தி அந்த வெள்ளைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க குடுத்த ஆறையும் நம்ப முடியல சார். இது ஆத்தா குடுத்தது. ஒண்ணு போதும்," என்று கயலின் தலையில் செருகினார்.

இன்றும் வீட்டில் எதற்குச் சீட்டுக் குலுக்கினாலும், "சம்பந்தி, பையக் காட்டுங்க," என்பார். வீடே சிரிக்கும். கயல் ஒருபடி மேலே போய், எனக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போதே டெய்லரிடம் பை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். பீரோவில் இப்போது ஆறு சட்டை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்தாலும் பையில்லாத சட்டைதான் வரும். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு போகிறேன்.