அரைக்கிலோவுக்கு மேல் பன்னிரண்டு கிராம்

என் நூலை நானே இணையச் சந்தையில் விற்றுத் தீர்ப்பது என்று முடிவு செய்தேன்.

வேறு வழியில்லை. திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரை நாற்பத்திரண்டு ஊர்களில் ஒரே தாலாட்டு எவ்வெவ்வாறு பாடப்படுகிறது என்று பதினோர் ஆண்டுகள் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் அது. அதன் முந்நூறு படிகளும் ஊரப்பாக்கத்தில் என் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாக உறங்கின. என் மனைவி சம்பூர்ணம் கெடு விதித்துவிட்டாள்.

"இன்னாங்க, பொங்கலுக்குள்ள கட்டிலுக்கடியில தரை தெரியணும். இல்லன்னா பழைய பேப்பர் கடைதான்."

"பதினோரு வருட உழைப்பு அது!"

"கடைக்காரன் வருசத்த எடை போட மாட்டான்."

விற்பனையாளராகப் பதிவு செய்துகொண்டு, கட்டண விதிகளைப் பயிலத் தொடங்கினேன். எந்தப் பாடலையும் ஒருவர் வாயால் மட்டும் கேட்டு நம்புகிறவன் அல்லன் நான். வலைப்பக்கம் ஒரு பாடம் சொன்னது. உதவி எண்ணில் பேசிய பெண் வேறொரு பாடம் சொன்னார். மறைமலைநகர் நண்பர் சதாசிவத்துக்கு ஒரு படி விற்றுப் பார்த்தேன்; வந்த கணக்குச் சீட்டு மூன்றாம் பாடம். மூன்றையும் ஒப்பிட்டு மூலபாடத்தைக் கண்டடைய ஒரு மாதம் ஆயிற்று.

விலை இருநூற்று நாற்பது. அதில் தரகு இருபத்து நான்கு. ஒவ்வொரு விற்பனைக்கும் நிலைக்கட்டணம் பதினாறு. அனுப்புகூலி அரைக்கிலோ வரை ஐம்பது. ஒரு கிராம் மிகுந்தாலும் எண்பது. நூலுக்கு வரியில்லை. ஆனால் நூலை விற்றுத் தரும் கூலி அனைத்துக்கும் நூற்றுக்குப் பதினெட்டு வரி உண்டு! இந்த நுட்பத்தை வியந்தபடியே, பொட்டலம் கட்டிய நூலைச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.

"சம்பூர்ணம், அச்சுச் செலவே படிக்கு நூற்றுப்பத்து. விற்றால் கைக்கு வருவது தொண்ணூற்றெட்டு."

"அப்ப விக்க விக்க நஷ்டமா?"

"பன்னிரண்டு கிராம் செய்யும் அநியாயம்."

"அவ்ளோதானே? எதையாச்சும் கழிங்க."

"எதைக் கழிப்பது? ஒவ்வொரு பாடமும் ஓர் ஊரின் குரல்."

"முன்னாடி பதினாறு பக்கம் நீங்களே பேசிகினு கீறீங்களே, அது எந்த ஊரு கொரலு?"

"அது முன்னுரை!" என்று சொல்லிவிட்டு, விலையை முந்நூறாக உயர்த்தினேன்.

ஒருவரும் வாங்கவில்லை. மார்கழி பிறந்தது. ஒரு நாள் என் நூலின் கீழேயே ஒரு வரி தென்பட்டது: 'இதே நூல், மாமல்லை ஸ்டோர்ஸ், ரூ. 220.' அதனடியில் ஒருவர் எழுதியிருந்தார்: 'நேராகப் பாட்டுக்கு வருகிறது. குழந்தைக்கு முன்னால் நான் தூங்கிவிட்டேன். ஐந்து நட்சத்திரம்.'

திகைத்தேன். சதாசிவத்திடம் உள்ள ஒன்றைத் தவிர, உலகிலுள்ள படிகள் அனைத்தும் என் முதுகுக்குக் கீழே அல்லவா இருக்கின்றன? திருடனின் சரக்கைக் கண்ணால் பார்த்துவிடுவதென்று ஒரு படிக்குப் பணம் கட்டினேன்.

நான்காம் நாள் பொட்டலம் வந்தது. உள்ளே நூலைச் சுற்றியிருந்தது எங்கள் சமையலறை நாள்காட்டியின் தாள். 'பால் வரல' என்று சம்பூர்ணத்தின் கையெழுத்து. எழுபத்து நான்காம் பக்கத்தில் நான் பேனாவால் திருத்திய பிழை. முன்னுரை மட்டும் இல்லை.

கட்டிலுக்கடியில் தலையை நுழைத்தேன். முன்வரிசைப் பெட்டிகள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் பளிச்சென்று தரை.

"சம்பூர்ணம்! நீயா?"

"ஆர்டர்ல உங்க பேரைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கல. எதுத்த வூட்டு ஷாரோன்தான் கடை தொறந்து குடுத்தா. உங்களுதோட எரநூத்திப் பத்து வித்தாச்சு."

"இருநூற்றிருபதுக்கு எப்படிக் கட்டுபடியாகும்?"

"முன்னுரை பதினேழு கிராம். பிளேடால எடுத்துட்டேன். நானூத்தித் தொண்ணூத்தஞ்சுல நின்னுச்சு. அம்பது ரூபா கூலியோட போச்சு."

"அந்த முன்னுரைகள்?"

"மூணரைக் கிலோ தேறிச்சு. பழைய பேப்பர் கடையில போட்டுட்டேன். அந்தாளு கமிஷனே புடிக்கலீங்க!"