மாமனாரின் பில்லியர்ட்ஸ் டேபிளில் நான் வெட்டிய வட்டம்

திருப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஆளைப் பார்க்கும் முன் அவன் போட்டிருக்கும் பனியனைப் பார்ப்பான். துக்க வீட்டில்கூட, கட்டிப்பிடித்து அழுகிறவரின் சட்டை விளிம்பை இரண்டு விரலால் தேய்த்து, "நூத்தி அறுபது இருக்கும்" என்று மனதுக்குள் முனகிக்கொள்வான். (நான் முனகியிருக்கிறேன். இறந்தவர் என் பெரியப்பா.) அந்த வியாதி முற்றிப்போய் என் கல்யாணத்தையே காவு வாங்கப் பார்த்தது.

அப்போது நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் துணி சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. அதை ஜி.எஸ்.எம். என்போம். அதற்கென்று ஒரு கட்டர் உண்டு. கைக்கு அடக்கமான வட்ட டப்பா, அடியில் பிளேடுகள். துணிக்குக் கீழே ரப்பர் அட்டை வைத்து, மேலே கட்டரை அழுத்தித் திருகினால் அச்சு அசலாக ஒரு வட்டம் வெட்டி வரும். அதைக் குட்டித் தராசில் போட்டால் கனம் தெரிந்துவிடும். கட்டரும் தராசும் எந்நேரமும் என் பையில் கிடக்கும்.

சுகன்யாவுக்கும் எனக்கும் நிச்சயம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் அப்பாவுக்குப் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி. வீட்டு மாடியில் புதிதாக, கோலால் பந்தை இடித்துக் குழியில் தள்ளுகிற பில்லியர்ட்ஸ் டேபிள் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். கல் பலகைமேல் விறைப்பாக இழுத்து, ஓரத்தில் மட்டும் ஒட்டிய பச்சைத் துணி. அந்தத் துணிமேல் அவர் வைத்திருந்த பாசத்தைப் பார்த்தால் பெற்ற மகளே பொறாமைப்படுவாள். மேலே ஒரு மெத்தை விரிப்பு, அதற்கு மேலே ரெக்சின். "தொட்டுப் பாக்கோணும்னா கையக் கழுவீட்டு வாங்க மாப்ள" என்பார்.

ஒரே ஒரு குறை. டேபிளைப் பொருத்திய ஆள் துணியில் கோடு போடாமல் போய்விட்டான். ஒரு தலைமாட்டில் வெள்ளைப் பந்து வைக்க ஒரு குறுக்குக் கோடு வேண்டும். கால்மாட்டில் பந்துகளை முக்கோணமாக அடுக்க ஒரு புள்ளி வேண்டும். அடி விழுந்து விழுந்து துணி நைந்துவிடாமல் இருக்க அந்தப் புள்ளியில் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை ஒட்டுவார்கள்.

"அடுத்த மாசந்தான் வருவானாமுங்க" என்று மாமா வருத்தப்பட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "எதுக்குங்க மாமா அவனெல்லாம்? துணி நமக்குத் தெரியாததா? நானே பண்ணித் தர்றனுங்க" என்றேன். சுகன்யா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத் தலையில் பாறாங்கல்லை ஏற்றச் சொன்னாலும் ஏற்றியிருப்பேன்.

மறுநாளே போய் இறங்கினேன். தையல்காரர் சாக்பீஸும் நீள ஸ்கேலும் வைத்துக் கோட்டைப் போட்டேன். மயிரிழை பிசகவில்லை. மாமா கம்பெனிக்குக் கிளம்பிப் போனார். சுகன்யா காப்பியோடு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க."

"கப்போட உள்ள வந்தா எங்கப்பா என்னைய ஊட்ட உட்டே தொரத்தீருவாருங்க. நீங்க வெளிய வந்து குடிங்க."

குடித்துவிட்டு வந்து யோசித்தேன். (கெட்டது அங்கேதான்.) காசு அளவுக்கு வில்லை ஒட்டினால் காசு அளவு துணிதானே பிழைக்கும்? உள்ளங்கை அளவுக்கு ஒட்டினால் என்ன? பையில் கறுப்புத் துணி இருந்தது, பின்பக்கம் பசை வைத்தது. இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும். கட்டரும் இருந்தது. ரப்பர் அட்டை மட்டும் கம்பெனியிலேயே தங்கிவிட்டது. வெட்டுவதற்குச் சமதளமாக ஓர் இடம் வேண்டும். அந்த வீட்டிலேயே மிகச் சமமான இடம் என் கண்முன்னால் பச்சையாக விரிந்து கிடந்தது.

கறுப்புத் துணியை அதன்மேல் விரித்தேன். கட்டரை வைத்தேன். அழுத்தித் திருகினேன்.

கறுப்பு வட்டம் அழகாக வந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு பச்சை வட்டமும் வந்தது.

ஐயோ! கல் தெரிகிறது. சாம்பல் நிறத்தில், சாசர் அளவுக்கு, பல்லிளித்துக்கொண்டு கல் தெரிகிறது. கல்யாணம் போச்சு, மானம் போச்சு, மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போச்சு. ஓடிவிடலாமா என்று ஜன்னலை எட்டிப் பார்த்தேன். கம்பி போட்டிருந்தது.

பயந்தவனுக்குத்தான் திருட்டுப் புத்தி வேகமாக வரும். கறுப்பு வட்டமும் ஓட்டையும் ஒரே கட்டர் வெட்டியவை, ஒரே அளவு. கறுப்பை ஓட்டைக்குள் வைத்தேன், ஓசையில்லாமல் உட்கார்ந்தது. சுகன்யாவிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கி, கல்லோடு ஒட்டிவிட்டேன். பச்சை வட்டம் என் பர்ஸுக்குள் போனது.

மாமா வந்து பார்த்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். "அடேங்கப்பா, ஒட்டுன எடமே தெரியலீங்களே! வர்ற ஞாயித்துக்கெழமை சொந்தக்காரங்களைக் கூப்புட்டு ஆட்டத்தை ஆரம்பிச்சரலாமுங்க" என்று என் முதுகில் தட்டினார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த ஐந்து நாளும் பர்ஸைத் திறந்து பச்சை வட்டத்தைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறையச் சொந்தக்காரர்கள். மாமா முதல் அடி அடித்தார். பந்துகள் சிதறின, எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மஞ்சள் பந்து மெதுவாக உருண்டு வந்தது. கறுப்பு வட்டத்துக்கு வந்ததும் லேசாக இறங்கி, ஆடி, நின்றுவிட்டது. கறுப்புத் துணி மெல்லிசு, பச்சைத் துணி தடிமன், வட்டம் பள்ளமாகிவிட்டிருந்தது. அடுத்து ஒரு சிவப்புப் பந்து. அதுவும் அங்கேயே வந்து படுத்தது.

"டேபிள் சாஞ்சிருக்குதுங்கண்ணா" என்றார் குண்டடத்திலிருந்து வந்திருந்த மாமாவின் தம்பி. ரசமட்டம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். குமிழி நட்டநடுவில் நின்றது. மாமாவின் முகம் சிவந்தது. டேபிளைப் பொருத்திய ஆளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏனய்யா, இதுதான் நீ பொருத்துன லட்சணமா?"

"சார், சத்தியமா நான் சரியாத்தான் சார் போட்டேன். எம்புள்ள மேல சத்தியம் சார்."

அந்த ஆள் பிள்ளைமேல் சத்தியம் செய்துகொண்டிருக்கிறான். நான் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கே என்னைக் கண்டு அருவருப்பாக இருந்தது. பர்ஸைத் திறந்து பச்சை வட்டத்தை எடுத்து டேபிள் விளிம்பில் வைத்தேன்.

"மாமா, அவர்மேல தப்பில்லீங்க. நான்தானுங்க வெட்டீட்டேன்."

சுகன்யா சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை. மாமா வட்டத்தைக் கையில் எடுத்தார். திருப்பினார். இரண்டு விரலால் தேய்த்தார்.

"எடை போட்டீங்களா?"

(போட்டிருந்தேன். உலகமே இடிந்து விழுந்த அந்த நேரத்திலும் இந்தக் கை போட்டிருக்கிறது.)

"போட்டனுங்க."

"எவ்வளவுங்க வந்துச்சு?"

"முந்நூத்தித் தொண்ணூறுங்க மாமா."

மாமா போன் பக்கம் திரும்பினார். "ஏனய்யா, நானூத்தி அம்பதுன்னு சொல்லித்தான துணி போட்ட?" போன் பட்டென்று அணைந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "மாப்ள, நீங்க செத்த கீழ போய் உக்காருங்க" என்றார்.

ஒரு மணி நேரம் கீழே உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தைப் பார்த்ததில்லை. கடைசியில் இறங்கி வந்தவர், "சாப்புட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். கல்யாணம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பத்திரிகை அச்சடித்து வந்தது, முகூர்த்தப் பட்டு எடுத்தார்கள். (கடைக்குள் என் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.) அவ்வளவு நாளும் அவர் என்னிடம் டேபிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மனிதர் மன்னிக்கவே மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முகூர்த்தத்தன்று தாரை வார்க்கும் நேரம். சுகன்யாவின் கையை என் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மாமா என் காதருகே குனிந்தார். அவர் குரல் உடைந்திருந்தது.

"இது ஒரே பீசுங்க மாப்ள. இதுல சாம்பிள் எடுத்துராதீங்க."

"நானென்ன துணியாங்கப்பா?" என்றாள் சுகன்யா, ஐயர் மைக்கில் கேட்கும்படி.

மண்டபமே சிரித்தது. நான் மட்டும் தேம்பித் தேம்பி அழுதேன். வீடியோக்காரர் ஒரு நொடி விடாமல் பிடித்துவிட்டார். ஆறு வருடமாக, வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் அந்த வீடியோவைத்தான் போடுகிறார்கள். அந்த இடம் வந்ததும் மாமாவே நிறுத்தி, கிட்டே போய் என் முகத்தைத் தொட்டுக் காட்டுவார். "பொண்ணைக் குடுத்தது நானு. அழறது யாருன்னு பாருங்க."