நாணல் சுவருக்கு நடந்த போர்

அளவில்லாத அருளுடைய இறைவன் பெயரால் தொடங்குகிறேன்.

யமாமாவில் ஒட்டகங்களோடும் நல்ல பெயரோடும் வாழும் மாமா ஸுஹைர் அவர்களுக்கு, பஸ்ரா படைக் குடியிருப்பில் தமீம் குலத்தார் பகுதியிலிருந்து மருமகன் ஹுரைத் சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் ஹீரா ஊர் எழுத்தர், பிழைகள் அவருடையவை. நான் நலம். தங்கள் நலத்தையும் மூட்டுவலியையும் பற்றி அறிய ஆவல்.

நிக்காஹ் முடிந்த பிறகும், "முதல்ல வீடு, அப்புறம்தான் பொண்ணு" என்று தாங்கள் தங்கள் மகள் ரபாபை அனுப்ப மறுத்ததில் நியாயம் இருக்கிறது. இப்போது வீடு இருக்கிறது. அது வந்த கதையை வேறு யாராவது கைகால் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இங்கே எல்லார் வீடும் நாணல்தான். படை கிளம்பும்போது வீட்டைப் பிரித்துக் கட்டி, எல்லார் கட்டோடும் சேர்த்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போவோம், வந்ததும் அவிழ்த்து நட்டுக்கொள்வோம். இந்த முறை பாரசீகக் கோட்டை ஒன்றை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்துவிட்டுத் திரும்பி, ஆசையாகக் கட்டை அவிழ்த்து நட்டேன். முன்சுவர் என் மார்பளவு, பின்சுவர் ஆளுயரத்துக்கு மேலே! ஈரத்தில் நாணல் வளர்ந்திருக்கும் போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் குடியிருக்கும் பக்ர் குலத்து புகைர் கத்தினான்.

"யோவ் ஹுரைது, அது என் செவுருய்யா!"

"உன் பேரு எழுதி ஒட்டியிருக்கா?"

"உன் ஒசரத்துக்கு எதுக்குய்யா அவ்ளோ பெரிய செவுரு? நீ எட்டிப் பாக்கவா போற?"

என் உயரத்தைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். என் குலத்தார் பொறுக்கவில்லை, வாளோடு வந்துவிட்டார்கள். அவன் ஆட்களும் வந்தார்கள். மாமா, இத்தனை வருஷம் போருக்குப் போய்ப் போய் எங்களுக்குக் கும்பலாக நின்று சண்டை போடவே மறந்துவிட்டது. யாரும் சொல்லாமலே வலப்பக்கம், இடப்பக்கம், நடுப்படை என்று வரிசை கட்டிவிட்டார்கள். அப்புறம் முறைப்படி ஒண்டிக்கு ஒண்டி நிற்க ஒருவன் முன்னே வரணுமில்லையா? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் போய், "நான் ஹுரைத், இன்னாரின் மகன், இன்னாரின் பேரன்" என்று பரம்பரையைச் சொல்ல ஆரம்பித்தேன். புகைரும் எதிரில் நின்று தன்னுடையதைச் சொன்னான். இரண்டு பேருக்கும் பாட்டன்மார் தீர்வதாக இல்லை, வாளைப் பிடித்த கை வலித்ததுதான் மிச்சம். அதற்குள் மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

வரிசைதான் தயாராக இருக்கிறதே! அப்படியே வாளைக் கீழே வைத்து, முகம் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு, மக்கா இருக்கும் கிப்லா திசையைப் பார்த்துத் திரும்பி நின்றோம். புகைர் என் வலப்பக்கம், தோளோடு தோள். தொழுகை முடிந்து சலாம் சொல்ல முகத்தைத் திருப்பினால் அவன் மூக்குக்கு நேரே என் மூக்கு. உன்மேல் அமைதி உண்டாகட்டும் என்று சொல்லியாகிவிட்டது.

அவன் வாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வாயால சலாம் சொல்லிட்டுக் கையால வெட்டுனா நல்லாவாய்யா இருக்கும்?" என்றான்.

"நல்லா இருக்காதுதான்" என்றேன்.

உயரமான சுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுவாக நட்டோம். வீடு பிரமாதமாக இருக்கிறது, மாமா. உள்ளே உட்கார்ந்தால் ஆற்றுக்காற்று வருகிறது, புகைர் வீட்டு மீன் வாசனையும் வருகிறது. எனக்கு ரொம்பத் திருப்தி. இந்த வருஷம் படையெடுப்பே இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். ஆகவே வீடு அசையாது. ரபாபை அடுத்த வணிகக் கூட்டத்தோடு தைரியமாக அனுப்பி வையுங்கள்.

தங்கள் கிணறு வற்றாமலும் ஒட்டகங்களுக்குச் சொறி பிடிக்காமலும் இருக்க இறைவன் அருளட்டும். அத்தைக்கு சலாம்.

தங்கள் மருமகன்,
ஹுரைத்

பின்குறிப்பு: மை காய்வதற்குள் நாளைக் காலை கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வீட்டைப் பிரித்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும்போது ரபாப் வந்து நிற்கிறாள். சித்தி வீட்டுக்குப் போவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டு, ஒரு வணிகக் கூட்டத்தோடு கிளம்பினாளாம். "வீடு எங்க?" என்றாள். தோளிலிருந்த நாணல் கட்டைக் காட்டினேன். "உங்களுக்குத்தான் ஒசரம் பத்தலையே, தரையில இழுபடுது பாருங்க" என்று மறுமுனையைத் தூக்கிக்கொண்டாள். படையோடு அவளும் வருகிறாளாம். மாமா, கோபிக்காதீர்கள். பெண் வந்துவிட்டாள், வீடுதான் இல்லை.