சாவி பையில், மோட்டார் ஓட்டத்தில்

சாவி லாரிக்காரரின் சட்டைப்பையில் இருந்தது. லாரியின் ஸ்டார்ட்டர் மோட்டாரோ அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்தியாகிவிட்டது. சாவியையும் பிடுங்கியாகிவிட்டது. எஞ்சினை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் ஸ்டார்ட்டரின் வேலை. இதுவோ சாப்பிட்டு முடித்தும் கிளம்ப மனமில்லாத சொந்தக்காரரைப் போல ஒட்டிக்கொண்டது. லாரிக்காரர் ஸ்பேனரோடு இறங்கி, பேட்டரிப் பெட்டியைத் திறந்து, கேபிளைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது.

சமையலறை ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. "என்னங்க சத்தம்?"

"பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டாரு."

"ஓகோ" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் ரேடியேட்டர் நடுரோட்டில் காலை வாரிவிட்டபோதே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். இன்னொரு தடவை மக்கர் பண்ணினால் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தக் கடைக்காரர் வேறு, தெருவில் போகும்போதெல்லாம் நின்று டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். லாரிக்காரருக்கோ அந்த வண்டி என்றால் உயிர். சாயங்காலம் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சீட்டாடப் போனாலும் நினைப்பு வண்டிமேலேயே இருக்கும். வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி இறக்கித்தான் அவர் குடும்பமே ஓடியது. அதை உடைத்து எடைக்குப் போடுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நாளாகவே இந்தத் தொல்லை. முதலில் மோட்டாரை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் நின்றது. பிறகு நாலு தட்டு கேட்டது. இப்போது கேபிளைக் கழற்றும் அளவுக்கு வந்துவிட்டது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே மனைவி மார்க்கெட்டுக்குக் கிளம்பும்வரை காத்திருந்து, மச்சானுக்குப் போன் போட்டார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. டிவி ரிப்பேர் செய்பவன். லாரியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்ற வார்த்தை அவன் வாயில் இதுவரை வந்ததில்லை.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன மாமா ஆகும்?"

"தெரியக் கூடாதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன்."

மச்சான் வந்து டிரைவர் சீட்டில் குப்புறப் படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தான். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து தீர்ப்பு வந்தது. குற்றவாளி ரிலே. தீப்பெட்டி அளவுள்ள அந்தப் பெட்டிதான் சாவியைத் திருப்பினால் மோட்டாருக்குக் கரண்டைக் கொடுக்கும், சாவியை விட்டால் நிறுத்தும். அது சூடேறிச் சூடேறி உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"புதுசு வாங்கணுமா?"

"எதுக்கு மாமா? ஹாரனுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ரெண்டையும் இடம் மாத்திப் போட்டா முடிஞ்சுது."

மாற்றிப் போட்டான். லாரிக்காரர் கேபிளை மாட்டினார். ஸ்டார்ட்டர் வாயே திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து ஹாரன் அலறியது.

ஒட்டிக்கொண்ட ரிலே இப்போது ஹாரனின் சொத்து. தெருவில் ஜன்னல்கள் திறந்தன, நாய்கள் ஊளையிட்டன. ஸ்டார்ட்டர் சத்தத்தையாவது பக்கத்து வீட்டின் தலையில் கட்டலாம். இதை யார் தலையில் கட்டுவது? மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்கும். பதற்றத்தில் கேபிளைக் கழற்றக் குனிந்தவரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி லாரிக்கு அடியில் போய்விட்டது.

"டேய், பழையபடியே மாத்துடா" என்று கத்தினார்.

மச்சானும் சொன்ன பேச்சைத் தட்டாமல் மாற்றினான். ஹாரன் நின்றது, ஸ்டார்ட்டர் கிளம்பியது. ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காததால் வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்துவது லாரிக்காரரின் வழக்கம். காலையில் கேபிளைக் கழற்றிச் சத்தம் அடங்கியதும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தார். ஆகவே ஸ்டார்ட்டரோடு சேர்ந்து லாரியும் கிளம்பியது. எஞ்சின் ஓடாமல், ஓட்ட ஆளும் இல்லாமல், குளத்துக்குப் போகும் எருமை மாதிரி அது அசைந்து அசைந்து நகர்ந்தது.

"மாமா, வண்டி போகுது."

"எனக்கும் கண்ணு இருக்கு. கிளட்சை அமுக்கு."

"இதுல எது மாமா கிளட்சு?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. தானே ஏறி மிதிக்கலாம் என்றால் மச்சானின் கால்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. லாரிக்காரர் அந்தக் கால்களைப் பிடித்து இழுத்தார். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். இவர் இழுத்த இழுப்பில் ஸ்டீயரிங் திரும்பியது. லாரி கொடிக்கயிற்றில் காய்ந்த துணிகளை வாரிப் போர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முட்டியது. செங்கற்கள் சில பொலபொலவென்று உதிர்ந்தன. பேட்டரி ஒரு முறை முனகிவிட்டு ஓய்ந்தது.

அப்போதுதான் மனைவி காய்கறிப் பையோடு கேட்டைத் திறந்தாள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. தண்ணி மோட்டார் என்று சொன்ன பொய், ஸ்பேனர் அடி, ரிலே மாற்றம் என்று எல்லாவற்றையும் லாரிக்காரர் கொட்டிவிட்டார்.

"கோபம்னா என்னைத் திட்டு. வண்டியை மட்டும் வித்துடாதே."

அவள் லாரியைப் பார்த்தாள். அதன் முகத்தில் தொங்கிய தலையணை உறையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எதுக்கு விக்கணும்? பழைய வண்டின்னா நாலும் இருக்கத்தான் செய்யும். புது ரிலே வாங்கிப் போடுங்க."

மச்சான் சீட்டிலிருந்து தலையைத் தூக்கி, பேசியது தன் அக்காதானா என்று எட்டிப் பார்த்தான். லாரிக்காரருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் இவள் மனசைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். இனி இவளிடம் ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவும் செய்தார்.

இடிந்த சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியின் தலை தெரிந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சுவருக்காக மன்னிப்புக் கேட்க லாரிக்காரர் வாயெடுத்தார். அவள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக அவர் மனைவியைப் பார்த்து அலுத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, அண்ணன் சீட்டாடப் போனதும் தினம் வந்து இந்த லாரியை ஓட்டப் பழக்கி விடுறேனே, எஞ்சின் பிடிச்சதும் சாவியை விட்டுடுங்க, திருப்பியே பிடிச்சிருந்தா சூடேறிடும்னு எத்தனை தடவை சொன்னேன்?"