வலம் வந்த ஆடுகள்

கொங்கு மண்ணில் எத்தனையோ கம்பெனிகள் ஏற்றுமதி விருது வாங்கியிருக்கின்றன. ஆனால் பலி ஆடே தானாகக் கேட்டுக்கு வந்து, வலம் சுற்றி, வெட்டுவதற்குச் சம்மதம் தெரிவித்த பெருமை சேவூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனி ஒன்றுக்கே உண்டு. அதன் மனிதவள மேலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிடா வெட்டுவதற்கு முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். ஆடு உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் காத்திருக்க வேண்டும். ஷிப்மென்ட் போகும்போதெல்லாம் கருப்பராயனுக்குக் கிடா வெட்டும் எங்கள் முதலாளி திருமூர்த்திக்குக் காத்திருப்பது பிடிக்காது. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரானாலும் கருப்பராயனானாலும் சட்டென்று ஓகே சொல்லிவிட வேண்டும்.

இந்த நிலையில்தான், பக்கத்துக் காட்டில் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் குழந்தையம்மாளின் செம்மறி ஒன்று, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு எங்கள் கேட்டருகே வந்து சுற்ற ஆரம்பித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. விடாமல் சுற்றியது. அதுவும் வலப்பக்கமாக.

"பாத்தீங்களா, பிரதட்சணம் பண்ணுது," என்றார் முதலாளி, செருப்பைக் கழற்றியபடி.

"இல்லீங்க, அதுக்கு என்னமோ சீக்குங்க. ரெண்டு நாளா மேயறதே இல்லீங்க," என்றார் பின்னாலேயே ஓடிவந்த குழந்தையம்மாள்.

"ஏனுங்கக்கா, சாமி வந்ததப் போயி சீக்குங்கறீங்களே."

சாமி தேர்ந்தெடுத்த ஆட்டுக்கு விலை பேசுவது பாவம் என்பதால் பேசவில்லை. குழந்தையம்மாளுக்கு ஏற்றுமதித் தரத்தில் ஒரு டீ-சர்ட் வழங்கப்பட்டது. சாமி இறங்கிய தலையைச் சமைக்கக் கூடாது என்று முதலாளி புதிதாக ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார். எனவே தலை பச்சையாகவே எங்கள் காவல் நாய்களுக்குப் போனது. பைரவர் வாகனம் அல்லவா? வாகனங்கள் பக்தியோடு தின்றுவிட்டு, வழக்கம்போல் குழந்தையம்மாளின் மேய்ச்சல் காட்டில் போய்க் காலைக்கடன் கழித்தன.

அருள் பெருகியது. சில மாதங்களில் அந்தப் பட்டியில் இன்னொரு ஆடு சுற்றியது. பிறகு மற்றொன்று. பெண்ணாடாக இருந்தால்? விதி தளர்த்தப்பட்டது. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றித் தொலைத்தது. அதை மட்டும் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கும்படி ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினேன்.

இந்த ஆன்மிக முன்னேற்றத்தைக் கெடுக்கவென்றே கால்நடை டாக்டர் ஜெயபாரதி வந்து சேர்ந்தார். குழந்தையம்மாள்தான் அழைத்திருக்கிறார். டாக்டர், பட்டியில் செத்த ஓர் ஆட்டின் மண்டையைத் திறந்து, மூளையில் இருந்த நீர்க்கட்டியை எங்களிடம் காட்டினார். எலுமிச்சங்காய் அளவு இருந்தது.

"நாய் குடல்ல நாடாப்புழு இருக்குதுங்க. அதோட முட்டை புல்லு வழியா ஆட்டுக்குள்ள போயி, மூளைல இப்படிக் கட்டியா வளருது. அதனாலதான் சுத்துது. இந்தத் தலையப் பச்சையா நாய்க்குப் போட்டா, திரும்ப நாய்க்குப் புழு. தலைய எரிச்சிருங்க. நாய்களுக்குப் பூச்சி மாத்திரை குடுங்க. அவ்வளவுதான்."

அவசரக் கூட்டம் கூட்டினோம். போண்டா வந்தது.

"மாத்திரை வாங்கினா பில் வரும் சார்," என்றார் அக்கவுண்ட்ஸ் அனுப்பிரியா. "நம்ம கிட்ட 'புழு பூச்சியற்ற வளாகம்'னு சர்டிபிகேட் இருக்கு. ஆடிட்டர் பில்லைப் பார்த்தா, அப்ப புழு இருந்துச்சான்னு கேப்பாரு."

"பில் இல்லாம வாங்குனா?" என்றேன் நான்.

"பில் இல்லாம எதையும் வாங்கறதில்லைன்னு அதுக்கும் ஒரு சர்டிபிகேட் இருக்குதுங்க சார்."

சர்டிபிகேட்டில் புழு இல்லை. ஆகவே நாயிலும் புழு இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே குழந்தையம்மாள் நின்றுகொண்டிருந்தார். "மிச்சம் நாலஞ்சு உருப்படிதானுங்க இருக்குது. அதுகளையாச்சும் காப்பாத்திக் குடுங்க. அத நம்பித்தானுங்க எம்பட சோறு."

ஆவன செய்வதாகச் சொன்னேன். ஆவன செய்வதற்குள் அந்த நாலஞ்சும் வலம் வந்துவிட்டன. பட்டி காலியானது. அருள் அக்கம்பக்கத்துப் பட்டிகளுக்கும் பரவ ஆரம்பித்தது.

எங்கள் கம்பெனிக்கு ஈரமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. குழந்தையம்மாளுக்கு உடனே வேலை போட்டுக் கொடுத்தோம். நாய்களுக்குச் சோறு வைக்கும் வேலை. 'வாழ்விழந்த பெண்ணுக்கு வாழ்வு' என்று பையருக்கு அனுப்பிய போட்டோவில் அவர் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

வேலைக்கு வந்தவர் டாக்டரிடம் மாத்திரை வாங்கி வந்து நாய்ச் சோற்றில் பிசைந்து வைத்திருக்கிறார். நாய்களுக்குப் போடச் சொல்லிக் கொடுத்த கிடாத் தலைகளை ஆழக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஒரு வருஷம் போனதும் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டியிலும் எந்த ஆடும் சுற்றவில்லை. அடுத்த கிடா வெட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. முதலாளி இடிந்துபோனார்.

நாய்ச் சோற்றுச் சட்டியருகே காலி மாத்திரை அட்டை கிடைத்ததும் விசாரணைக் கமிட்டி அமைத்தோம். 'அனுமதியின்றி மருந்து கலந்து, தெய்வத்தின் பணிக்கு இடையூறு விளைவித்தமை' என்ற குற்றச்சாட்டை நானே எழுதி, நானே வாசித்தேன்.

"ஆமாங்க, போட்டேனுங்க," என்றார் குழந்தையம்மாள். "எம்பட பட்டிதான் போச்சு. அக்கம்பக்கத்துப் பட்டியாச்சும் பொழைக்கட்டும்னு போட்டேன்."

"உங்க மாத்திரையாலதானுங்கக்கா சாமியே ஊரை உட்டுப் போயிருச்சு," என்றார் முதலாளி.

குழந்தையம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நாய்க்கு மாத்திரை குடுத்தா ஓடிப்போற சாமிக்குங்களா எம்பட ஆட்டையெல்லாம் வெட்டுனீங்க?"